பூஜ்யம் வைக்கும் இடம்

வால்டிவியாவில் மழை ஒரு செய்தியே அல்ல.
ஆறாவது நாளாகப் பெய்கிறது.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடல்சிங்கங்கள்
அறுத்தெறியும் மீன்தலைகளுக்குக் கத்துகின்றன.
அவற்றுக்குத் தலைகளை வீசுகிற ஒர்மெலிந்தா கத்ரிலெஃப்
என் வார்டில், நாலாம் கட்டிலில்,
வயிறு மத்தளமாகிக் கிடக்கிறாள்.

பித்தப்பையிலிருந்து நழுவிய கல்
ஒரு மிளகளவுதான்.
கணையத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.
கணையம் தன்னைத்தானே தின்னத் தொடங்கியது.
மூன்று நாளில் நாங்கள் ஊற்றியது பன்னிரண்டு லிட்டர்,
திரும்பி வந்தது நான்கு.
மிச்சம் எங்கே என்று கேட்பவர்களுக்குப்
போர்வையை விலக்கிக் காட்டுகிறேன்.

ஒரு சாண் வயிறு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.
சாண் போட்டு யார் பார்த்தது?
வயிற்றை நேராகக் கேட்டால் சொல்லாது.
பக்கத்து வீட்டுக்காரி மூத்திரப்பையைக் கேட்க வேண்டும்.
அவள் வீட்டுச் சுவர் மெலிசு,
அடுத்த வீட்டு நெருக்கடி
முதலில் அவளுக்குத்தான் கேட்கும்.

அளக்கும் கருவி ஒசோர்னோவுக்கு இரவல் போயிருக்கிறது.
குழாயும் என் மகனுடைய அளவுகோலும் போதும்.
ஸ்பிரிட்டால் எத்தனை முறை துடைத்தும்
பின்பக்கத்து டைனோசர் போகவில்லை.
பூஜ்யத்துக்கு முன்னால் அரை சென்டிமீட்டர்
சும்மா நீட்டிக்கொண்டிருந்தது;
அதை முதல் நாளே அறுத்துவிட்டேன்.

கட்டிலைத் தட்டையாக்குகிறேன்.
இடுப்பெலும்பின் முகட்டில், அக்குளுக்கு நேர்கீழே,
நான் பேனாவால் போட்ட கோடு.
அங்கேதான் பூஜ்யம்.
இரண்டு விரல் இறக்கி வைத்தால் காகிதத்தில் அவள் சாகிறாள்,
இரண்டு விரல் ஏற்றினால் வீட்டுக்குப் போகிறாள்.
இருபத்தைந்து மில்லி உப்புநீர், மெதுவாக.
பிறகு ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.
இந்த வேலையில் எனக்குக் கடினமானது அந்த ஒரு நிமிடம்தான்.

நிமிர்த்திப் பிடித்த குழாயில் மஞ்சள் நீர் ஏறுகிறது.
இயந்திரம் மூச்சை உள்ளே தள்ள, உயர்கிறது.
வெளியே விட, தாழ்கிறது.
தாழ்ந்து நிற்கும் அந்தக் கணத்தில்
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி வாசிக்கிறேன்.

எட்டு மணிக்கு இருபத்துமூன்று.
நள்ளிரவில் இருபத்தெட்டு.
நாலு மணிக்கு முப்பத்துநான்கு.
பாதரசக் கணக்குக்கு ஒன்று புள்ளி மூன்று ஆறால் வகுத்தேன்.
இருபத்தைந்து.
நம்பாமல் மறுபடி அளந்தேன்.
அதே இருபத்தைந்து.
சிறுநீர் மணிக்கு ஆறு மில்லி.
டாக்டர் போர்கெஸ் காலணி நாடா கட்டாமல் ஓடி வந்தார்.

நடைவழியில் அவள் கணவன் எவாரிஸ்தோ,
முழங்காலில் ஈரத் தொப்பி.
வயிற்றைத் திறந்து, திறந்தபடியே விட்டுவைக்க வேண்டும்,
மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, சில நாள்,
என்று டாக்டர் சொன்னபோது
அவன் என்னைப் பார்த்தான்.
"தண்ணீர் எவ்வளவு உயரம்?"
கையை விரித்துக் காட்டினேன்.

பூகம்பத்துக்குப் பிறகு
மலை சரிந்து ரினியூவே ஏரியின் வாயை அடைத்த கதையை
இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
நீர் ஏறிக்கொண்டே வந்தது.
புல்டோசர்கள் சேற்றில் புதைந்தன.
மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கினார்கள்,
தானாக உடைவதற்குள் தாங்களே திறந்துவிட.
"என் அப்பா அங்கே தோண்டினார்," என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து:
"அப்படியும் ஊருக்குள் தண்ணீர் வந்தது."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
அவன் கையெழுத்துப் போட்டான்.
மீன் செதில் ஒன்று
காகிதத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏழு மணிக்குப் பதினாறு சென்டிமீட்டர்.
பையில் நாற்பது மில்லி, கருந்தேநீர் நிறத்தில்.
அவள் பிழைப்பாள் என்று நான் சொல்லவில்லை;
நாற்பது என்று மட்டும் சொன்னேன்.
எவாரிஸ்தோ அந்த எண்ணை
இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்,
தொப்பியைப் போட்டுக்கொண்டான்.
சந்தை திறந்திருக்கும்,
அந்தத் தடியன்கள் பசியில் படியேறி வந்துவிடும் என்றான்.